இ-சஞ்சீவனியும் ஒரு தனியார் ஆப்பும்: அம்மா அப்பாவுக்காகப் பயன்படுத்திப் பார்த்ததில்

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சுகர், பிரஷர், தைராய்டு என்று ஏற்கெனவே கண்டுபிடித்து மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும் நோய்களுக்கு, ரிப்போர்ட்டைக் காட்டி "அடுத்து என்ன டாக்டர்?" என்று கேட்பதற்கு ஆன்லைன் ஓ.பி. அருமையான சங்கதி. அதிலும் போனில் வீடியோவில் டாக்டரைப் பார்க்க அரசு நடத்தும் இ-சஞ்சீவனிக்கு ஒரு பைசா கிடையாது என்பதால் முதலில் அதைப் பாருங்கள். ஆனால் புதிதாக வயிறு வலிக்கிறது, காதில் சீழ் வருகிறது, காலில் வீக்கம் என்றால் ஆப்பைத் திறக்காதீர்கள், பஸ் ஏறுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் பஸ்ஸும் வேண்டாம், 108. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு விவரம் கீழே.

எனக்கு வேலை கோவையில். அம்மாவும் அப்பாவும் தேனிப் பக்கம் கிராமத்தில். அப்பாவுக்குச் சுகர், பிரஷர் இரண்டும். அம்மாவுக்குத் தைராய்டு, அது போக அவ்வப்போது ஏதாவது. டவுனில் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே யாராவது போய் டோக்கன் போட வேண்டும், அப்புறம் மத்தியானம் வரை உட்கார வேண்டும், கடைசியில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து "அதே மாத்திரையே போடுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார். இந்த ஒரு வரிக்காக அப்பா ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பதைப் பார்த்துத்தான் இந்த ஆன்லைன் சமாச்சாரங்களில் இறங்கினேன்.

இ-சஞ்சீவனியை உருவாக்கியது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் மொகாலி மையம். வீட்டிலிருந்தே நேரடியாக டாக்டரைப் பார்க்கும் ஓ.பி. பிரிவு 2020 ஏப்ரல் 13 அன்று, ஊரடங்கு நடுவில், தொடங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்னால், மார்ச் 25 அன்று, தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வந்திருந்தன. டாக்டர் போனிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதலாம் என்பதற்கு இந்தியாவில் தெளிவான விதி வந்ததே அப்போதுதான். அதற்கு முன்னால் இதெல்லாம் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. 2000ஆம் ஆண்டிலேயே சித்தூர் மாவட்டத்து ஆரகொண்டா கிராமத்தில் அப்போலோ இதைச் செய்து காட்டியது. ஆனாலும் சாதாரண ஜனங்கள் கைக்கு வந்தது கொரோனா புண்ணியத்தில்தான்.

நடைமுறை இப்படி: மொபைல் எண்ணைப் போட்டால் ஓ.டி.பி. வரும். நோயாளியின் பெயர், வயது, என்ன தொந்தரவு என்று நிரப்பி, ரிப்போர்ட் இருந்தால் போட்டோ எடுத்து ஏற்றி, எந்த ஓ.பி. என்று தேர்ந்தெடுத்தால் டோக்கன். முறை வந்ததும் வீடியோ கால் பட்டனை அழுத்தினால் டாக்டர் திரையில் வருவார். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு இறங்கிவிடும். டாக்டர் இன்னார்தான் வேண்டும் என்று கேட்க முடியாது, அந்த நேரத்தில் யார் காலியாக இருக்கிறாரோ அவர்தான். பழகின டாக்டர்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்ல நேரும், அதனால் பழைய சீட்டுகளையும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள், பாதிப் பேச்சு மிச்சம்.

எனக்கு இதன் அருமை தெரிந்தது அப்பா விஷயத்தில் அல்ல, அம்மாவின் முழங்கையில் வந்த படையில். நான் ஊரில் இருந்த சமயம். வட்டமாக ஆரம்பித்தது, அரிப்பு, மெடிக்கலில் சொல்லி ஏதோ க்ரீம் வாங்கிப் போட்டிருக்கிறார், இரண்டு நாள் அடங்கினது போல இருந்து பிறகு முன்னைவிடப் பெரிதாகப் பரவிவிட்டது. புதுத் தொந்தரவுதான், இருந்தாலும் காட்டித்தான் பார்ப்போமே என்று கால் போட்டேன். வந்தவர் இளம் வயது டாக்டரம்மா, நல்ல தமிழ்.

"அம்மா, கையை அப்படியே ஜன்னல் பக்கம் கொண்டு வாங்க. டியூப் லைட் வெளிச்சம் வேண்டாம். பக்கத்துல ஒரு வெள்ளைத் தாள் வெச்சுக் காட்டுங்க."

தாள் எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் காட்டுமாம், பக்கத்தில் ஒரு வெள்ளை இருந்தால் தோலின் சிவப்பு உண்மையில் எவ்வளவு என்று அவருக்குக் கொஞ்சம் பிடிபடும். பார்த்துவிட்டு, "என்ன க்ரீம் போட்டீங்க?" என்றார். அம்மா, "பேர் தெரியலம்மா, மெடிக்கல்ல குடுத்தாங்க" என்றார். "சரி, அந்த ட்யூப் வீட்ல இருக்கா? எடுத்துட்டு வாங்க."

ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு கேரி பேக் வந்தது. அதற்குள் பாதி பிதுக்கின ட்யூப், அது போக என்றைக்கோ வாங்கின ஆன்டிபயாடிக் அட்டையில் மிச்சம் இரண்டு, வலி மாத்திரைகள், எக்ஸ்பைரி ஆன இருமல் மருந்து. ட்யூபைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன், டாக்டர் பெயரைப் படித்தார். குளோபெட்டசால் கலந்த க்ரீம், அதாவது வீரியமான ஸ்டீராய்டு. படர்தாமரைக்கு இதைப் போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே சந்தோஷமாகப் பரவும் என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, இன்றைக்கே நிறுத்தச் சொன்னார். அந்த வலி மாத்திரைகளையும் காட்டச் சொல்லி, பிரஷர் இருக்கிற அப்பா இதை எடுக்கிறாரா என்று ஒரு கேள்வி. எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! எங்கள் யாருக்கும் தெரியாது.

யோசித்துப் பாருங்கள், டவுன் கிளினிக்குக்குப் போயிருந்தால் இந்தக் கேரி பேக் ஃபிரிட்ஜ் மேலேயேதான் இருந்திருக்கும். "என்ன மருந்து எடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பதில் "வெள்ளையா, உருண்டையா ஒண்ணு". வீட்டுக்குள் டாக்டரின் கண் வருவதில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது, இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. கால் போடுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் மொத்த மருந்தையும் மேஜையில் பரப்பி வையுங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது.

இனி தனியார் ஆப் கதை. பெயர் வேண்டாம், டிவியில் விளம்பரம் வருகிற ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஒரே டாக்டரிடம் தொடர்ந்து காட்டலாமே என்ற ஆசையில் குடும்பத் திட்டம் ஒன்றை எடுத்தேன். பார்க்க எல்லாம் பளபளவென்று இருக்கிறது, டாக்டர் போட்டோ, நட்சத்திர மதிப்பெண், எத்தனை வருட அனுபவம் என்று. ஆனால் தமிழ் பேசும் டாக்டர் என்று வடிகட்டித் தேர்ந்தெடுத்து, பணமும் கட்டின பிறகு, கடைசி நிமிடத்தில் "டாக்டர் பிஸி, வேறு மருத்துவர் ஒதுக்கப்பட்டுள்ளார்" என்று வந்தது. வந்தவருக்கு இந்தியும் ஆங்கிலமும்தான். அப்பா "கால் மரமரன்னு இருக்கு, ராத்திரில எரியுது" என்கிறார், நான் கான்ஃபரன்ஸில் கோவையிலிருந்து மொழிபெயர்க்கிறேன், அந்த மரமரப்பை என் ஆங்கிலத்தில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. இந்தியாவின் எந்த மூலையில் இருக்கும் பதிவு பெற்ற மருத்துவரும் எந்த மூலையில் இருக்கும் நோயாளிக்கும் தொலைமருத்துவம் பார்க்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது, நல்லதுதான், ஆனால் பாஷை என்று ஒன்று இருக்கிறதே.

நேரில் காட்டுங்கள் என்று முடித்துக்கொண்ட அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். சுகர்காரர்களுக்குக் கால் மரத்துப்போனால் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் மெல்லிய நைலான் இழையை வைத்து அழுத்தி, தெரிகிறதா தெரியவில்லையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும், நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதைப் போனில் எந்தக் கொம்பனாலும் செய்ய முடியாது. நேரில் காட்டுங்கள் என்று அவர் சொன்னது சரியான வைத்தியம். என் கோபம் எல்லாம் அந்த ஆப்பின் மேல்தான். வீடியோ கால் முடிந்த மறு நிமிடமே முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் ஒன்றைத் தள்ளிவிட்டது. மருந்துச் சீட்டைத் திறந்தால் அது அவர்களுடைய மருந்துக் கடைக்குத்தான் போகிறது, வெளியில் வாங்க வசதியாக இறக்கிக்கொள்ளும் பட்டன் எங்கேயோ அடியில். அந்தச் சீட்டில் டாக்டரின் பதிவு எண்ணும் இல்லை. நெறிமுறைகளின்படி மருந்துச் சீட்டில் பதிவு எண் இருந்தே ஆக வேண்டும், வாங்கின கட்டணத்துக்கு ரசீதும் தர வேண்டும். கேட்டு மெயில் போட்ட பிறகு அனுப்பினார்கள். நீங்களும் எந்த ஆப்பில் பார்த்தாலும் இதை முதலில் கவனியுங்கள், பதிவு எண் இல்லாத சீட்டு என்றால் சந்தேகப்படுங்கள். அதே மாதிரி, டாக்டர் வருவதற்கு முன் அரட்டை அடிக்கும் ரோபோவிடம் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். விவரம் கேட்டுக்கொண்டு டாக்டருக்கு உதவலாமே தவிர, ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ செயற்கை நுண்ணறிவுக்கு அனுமதி இல்லை என்று அதே நெறிமுறைகள் சொல்கின்றன.

மருந்து விஷயத்தில் இன்னொன்று. முதல் தடவை பார்க்கும் டாக்டர் ஆன்லைனில் எல்லா மருந்தையும் எழுத முடியாது. பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்: சிலது எப்படி வேண்டுமானாலும், சிலது வீடியோவில் பார்த்தால் மட்டும், சிலது ஏற்கெனவே நேரில் பார்த்துத் தொடங்கியிருந்தால் மட்டும். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகள் பொதுவாகக் கிடையவே கிடையாது, தூக்க மாத்திரைகள் பலவும் இதில் அடக்கம். பக்கத்து வீட்டு மாமா ஒருவர் "தூக்க மாத்திரை எழுதித் தர மாட்டேங்குறான், என்ன ஆப்பு இது" என்று ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். மாமா, அது குறை இல்லை, அதுதான் சரி.

சீனாவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஒரு விஷயம் பிடித்திருந்தது. அங்கே வூச்சென் என்ற ஊரில் 2015இல் ஆன்லைன் மருத்துவமனை என்ற பெயரிலேயே ஒன்று தொடங்கி, மளமளவென்று பெருகிவிட்டது. 2018இல் அரசு விதி கொண்டு வந்தது: ஆன்லைன் மருத்துவமனை என்றால் அதற்குப் பின்னால் ஒரு நிஜ மருத்துவமனை இருக்க வேண்டும், முதல் முறை நோய் கண்டறிவது கூடாது, வழக்கமான நோய்களுக்கும் நாள்பட்ட நோய்களுக்கும் மறுபரிசோதனை மட்டும்தான். நம் ஊரில் முதல் தடவையே ஆன்லைனில் பார்க்க அனுமதி உண்டு. டாக்டர் இல்லாத கிராமங்களை நினைத்தால் அதுவும் நியாயமே. ஆனாலும் என் வீட்டைப் பொறுத்தவரை நான் சீன விதியைத்தான் பின்பற்றுகிறேன்.

அப்படியென்றால் முதல் தடவைக்கு என்ன வழி? இங்கேதான் இ-சஞ்சீவனியின் இன்னொரு முகம் வருகிறது, நகரத்தில் இருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது. வீட்டிலிருந்து கால் போடுவது அதன் சின்னப் பகுதிதான். பெரும்பகுதி நடப்பது சுகாதார நிலையங்களில்: நோயாளி ஊரில் உள்ள நிலையத்துக்குப் போவார், அங்கே நர்ஸோ சுகாதார ஊழியரோ பிரஷர் பார்த்து, சுகர் குத்திப் பார்த்து, நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தூரத்தில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் பேசுவார். 2023 பிப்ரவரியில் மொத்தம் 10 கோடி ஆலோசனை தாண்டியபோது மாநில வாரியாக ஆந்திரா 3 கோடிக்கு மேல் பார்த்து முதலிடத்தில் இருந்தது, தமிழ்நாடு 1.2 கோடிக்கு மேல் பார்த்து இரண்டாவது. பயன்படுத்தியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்றும் அரசு சொன்னது, எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. தனக்கென்று டவுனுக்குப் போகச் சொன்னால் எங்கம்மா "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றுதான் சொல்வார். தெருமுனையில் என்றால் போய்விடுவார்.

இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனது என்று நான் நினைப்பது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கின மருத்துவமனை. 2000களின் நடுவில் எங்கள் தேனிப் பக்கம்தான் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்களோடு சேர்ந்து, நல்ல இன்டர்நெட் இல்லாத அந்தக் காலத்தில், நெடுந்தூர வைஃபை கோபுரங்கள் போட்டு மையங்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். இப்போது நூற்றுக்கு மேல் மையங்கள் இருக்கின்றன. அப்பாவை அங்கே கூட்டிப்போனபோது நான் உன்னிப்பாகக் கவனித்தேன். சின்னக் கட்டிடம், டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற பெண்கள். ஒருவர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி பவர் பார்க்கிறார், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் தாடையை வைக்கச் சொல்லி ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கிறார், கண் அழுத்தம் பார்க்கிறார், எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. அப்புறம் தலைமை மருத்துவமனை டாக்டர் அந்தப் படங்களையும் குறிப்பையும் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரையில் பேசினார். "ஐயா, சுகர் எத்தனை வருஷமா இருக்கு? விழித்திரைப் படம் ஒண்ணு எடுத்துப் பாத்துடலாம்" என்றார். அப்பாவுக்கு டாக்டர் எதிரில் இல்லை என்பது ஒரு பொருட்டாகவே படவில்லை. ஏனென்றால் கண்ணைத் தொட்டுப் பார்க்க எதிரில் ஒரு ஆள் இருந்தார்.

இதுதான் என் முடிவும். டாக்டர் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், நோயாளி பக்கத்தில் பார்க்கத் தெரிந்த ஒருவரும் அளக்க ஒரு கருவியும் இருந்தால் ஆன்லைன் ஓ.பி. அசல் ஓ.பி.க்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நோயாளி கையில் வெறும் போன் மட்டும் என்றால் அது கல்யாணத்தை ஆல்பத்தில் பார்ப்பது மாதிரி. ஆப் கம்பெனிகள் இந்த ஆளுக்கான சம்பளத்தைத்தான் மிச்சம் பிடிக்கின்றன, அந்தப் பணம் விளம்பரத்துக்குப் போகிறது.

எங்கள் வீட்டில் அந்த ஆள் யார் என்றால், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் தன்னார்வல அக்கா. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கின திட்டம், சுகர் பிரஷர் மாத்திரை வீடு தேடி வரும். அவர் வந்து பிரஷர் பார்த்துக் குறித்துவிட்டுப் போகிறார். அந்தக் குறிப்பு நோட்டைத்தான் நான் போட்டோ எடுத்து இ-சஞ்சீவனியில் ஏற்றுகிறேன். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே "பிரஷர் எவ்வளவு இருக்கு?" என்பதுதான், அதற்குப் பதில் இல்லாவிட்டால் அந்த வீடியோ காலே வீண். யாரும் வந்து பார்க்காத ஊர் என்றால் ஒரு டிஜிட்டல் பிரஷர் மிஷினும் சுகர் மிஷினும் வாங்கி வைத்துவிடுங்கள், பிரஷர் மிஷின் மேல் கையில் கட்டுவதாக இருக்கட்டும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம்.

மனசு சம்பந்தப்பட்டதற்கு மட்டும் நான் சொன்ன விதி செல்லாது. அதற்குத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, பேசினால் பெரும்பாலும் போதும், முகம் தெரியாமல் இருப்பதே சிலருக்குச் சௌகரியம். 14416 என்ற எண், டெலிமானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் வந்தது, இலவசம், தமிழிலும் பேசலாம். தெரிந்த பையன் ஒருவனுக்குக் கொடுத்தேன், முதல் காலிலேயே நிறையப் பேசினானாம்.

சிக்னல் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக்குள் வீடியோ நிற்காது, மாடிக்குத்தான் ஏற வேண்டும், முழங்கால் வலிக்காரரை மாடி ஏற்றி முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்கும் கொடுமை எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. முதலில் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று பார்த்து நாற்காலி போட்டு வையுங்கள். மருந்துச் சீட்டைப் போனில் காட்டினால் சில மெடிக்கலில் முகம் சுளிப்பார்கள். பிரின்ட் எடுத்துக்கொண்டு போனால் பேச்சே இல்லை.

இப்போதைக்கு எங்கள் வீட்டு ஏற்பாடு: சுகருக்கும் தைராய்டுக்கும் நடுவில் வரும் மறுபார்வை எல்லாம் இ-சஞ்சீவனி, கண்ணுக்குப் பார்வை மையம், வருடத்துக்கு ஒரு தடவையாவது பாதம் முதல் எல்லாம் டவுன் டாக்டரிடம் நேரில். தனியார் ஆப்பை அழித்தாகிவிட்டது. திட்டத்தில் மிச்சம் இருந்த பணத்தைக் கேட்டேன், வங்கிக்குத் தர மாட்டார்களாம், அவர்கள் வாலட்டில் போட்டிருக்கிறார்கள், இந்த மாதக் கடைசியில் காலாவதி. அந்தத் தொகைக்கு அவர்களிடம் வாங்கக்கூடியது புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றுதான், அதுவும் சுகர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடவும் என்று போட்டிருக்கிறது.